ஒரே கல்வி மாவட்டம், இரண்டு தொடக்கப்பள்ளிகள்: 9-க்கும் 5-க்கும் நடுவில் இருப்பது என்ன?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 11

கலிபோர்னியாவில் எங்கள் கல்வி மாவட்டத்திலேயே இரண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. வீடு தேடும் தளங்களில் ஒன்றுக்குப் பத்துக்கு 9, மற்றதற்கு 5 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று மைல்கூட இல்லை. 9 பெற்ற பள்ளியின் எல்லைக்குள், அதாவது அந்தப் பள்ளியில் சேர உரிமை தரும் முகவரிகளில், வாடகை மாதம் 700 டாலர் கூடுதல். மகளுக்கு வரும் ஆகஸ்டில் கிண்டர்கார்டன். பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் பணத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. 5 பெற்ற பள்ளியில் தெரிந்தே சேர்ப்பவர்கள் இருக்கிறார்களா?

ஜனவரி 12

இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் முதலில் தெரிந்தே சேர்க்கவில்லை. வேறு வழியில்லாமல் சேர்த்தேன், பிறகு தெரிந்தே அங்கேயே வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் என் பதில் முழுமையாகாது.

2018இல் எங்கள் மூத்த மகளுக்காக நீங்கள் இப்போது செய்ய நினைப்பதைத்தான் நாங்களும் செய்தோம். இரண்டு படுக்கையறை வீட்டைக் காலி செய்துவிட்டு, கூடுதல் வாடகைக்கு ஓர் அறை குறைவான வீட்டில் குடியேறினோம். குன்றின் மேல் இருக்கும் அந்தப் பள்ளியை மேட்டுப் பள்ளி என்றும், நெடுஞ்சாலையை ஒட்டிய மற்றொன்றைச் சாலைப் பள்ளி என்றும் இனி குறிப்பிடுகிறேன். மகள் மேட்டுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். 2021இல் மகனின் முறை வந்தபோது நாங்கள் ஊரில் மாமனாரின் உடல்நிலை காரணமாகத் தங்க நேர்ந்துவிட்டதால் ஏப்ரலில்தான் பதிய முடிந்தது. உடன்பிறந்தவர் அதே பள்ளியில் படித்தால் கிடைக்கும் முன்னுரிமை, குறித்த காலத்துக்குள் பதிந்தவர்களுக்கு மட்டுமே என்பது அப்போதுதான் தெரிந்தது. மேட்டுப் பள்ளியின் கிண்டர்கார்டன் நிரம்பிவிட்டது, மகனைச் சாலைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. எல்லைக்குள் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பிள்ளையை எப்படி வெளியே அனுப்பலாம் என்று மூன்று முறை கடிதம் எழுதினேன். காத்திருப்போர் பட்டியலில் எங்கள் எண் 11.

அடுத்த ஆண்டு ஜூலையில் மேட்டுப் பள்ளியில் இடம் வந்துவிட்டது என்று அழைத்தார்கள். வேண்டாம் என்றோம். அந்த ஓராண்டில் என்ன நடந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் எழுத முடியும்.

ஜனவரி 12, இரவு

முதலில் எழுதியிருக்க வேண்டியது ஒன்று விட்டுப்போயிற்று. ஒரே மாவட்டத்தின் இரண்டு பள்ளிகளை ஒப்பிடுவது, இரண்டு மாவட்டங்களை ஒப்பிடுவதைப் போன்றதல்ல. இங்கே பாடத்திட்டமும் பாடநூலும் ஒன்று. ஆசிரியரின் சம்பள அட்டவணை ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம் ஒன்று. ஆண்டுக்குக் கிண்டர்கார்டனில் 36,000 நிமிடமும், 1 முதல் 3 வரை 50,400 நிமிடமும், 4ஆம் வகுப்பிலிருந்து 54,000 நிமிடமும் கற்பித்தல் நடக்க வேண்டும் என்ற மாநில விதியும், 1 முதல் 6 வரை பத்துப் பள்ளி நாள்களுக்கு 200 நிமிட உடற்கல்வி என்ற விதியும் மேட்டுக்கும் சாலைக்கும் பொதுவானவை. ஆகவே 9-க்கும் 5-க்கும் இடையிலான நான்கு புள்ளி எதிலிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜனவரி 14

"மதிப்பெண் குறைவென்றால் கற்பித்தல் குறைவு என்பதைத் தவிர வேறென்ன பொருள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள்தான். ஆனாலும் இந்தக் கணக்கை என் பிள்ளையின் விஷயத்தில் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று.

விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. இரண்டு பள்ளியிலும் தேர்வெழுதியவர்கள் 200 பேர். முதல் பள்ளியில் 160 பேர் வசதியான, படித்த குடும்பங்களின் பிள்ளைகள். 40 பேர் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள். முதல் வகையினரில் 85 விழுக்காட்டினர், அதாவது 136 பேர் தேறுகிறார்கள். இரண்டாம் வகையினரில் 40 விழுக்காட்டினர், 16 பேர். மொத்தம் 152 பேர், 76 விழுக்காடு. இரண்டாவது பள்ளியில் நிலைமை தலைகீழ்: வசதியானவர்கள் 60, வசதி குறைந்தவர்கள் 140. அங்கே முதல் வகையினரில் 90 விழுக்காட்டினர், 54 பேர் தேறுகிறார்கள். இரண்டாம் வகையினரில் 45 விழுக்காட்டினர், 63 பேர். மொத்தம் 117 பேர், 58.5 விழுக்காடு.

இரண்டு வகைப் பிள்ளைகளுக்குமே இரண்டாவது பள்ளிதான் கூடுதலாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனாலும் மொத்த எண்ணில் அது 17.5 புள்ளி பின்தங்கி நிற்கிறது. வீடு தேடுபவர் பார்ப்பது அந்த மொத்த எண்ணை மட்டும்தான். எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படியும் இருக்கலாம் என்பதால், உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் அந்தப் பள்ளியில் எப்படித் தேறுகிறார்கள் என்ற வரியைத் தனியே தேடிப் பாருங்கள் என்கிறேன். மாநிலத் தேர்வு முடிவுகளில் இனம், பெற்றோர் கல்வி, வருமானம் என்று பிரித்து அந்த வரிகள் கிடைக்கின்றன.

ஜனவரி 19

தேர்ச்சி விழுக்காடு என்பது எதன் விழுக்காடு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தொடக்கப்பள்ளியில் மாநிலத் தேர்வு 3, 4, 5 ஆகிய வகுப்புகளுக்கு மட்டுமே. கிண்டர்கார்டன், 1, 2 ஆகிய வகுப்புகளில் எழுத்தறிவிக்கும் ஆசிரியர்களின் உழைப்பு நேரடியாக எங்கும் பதிவாவதில்லை. உங்கள் மகளின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி அந்த 9 எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் தேர்ச்சிக் கோடு 2436. ஒரு பிள்ளை 2435 எடுத்தால் தேறாதவர் கணக்கு. 2436 எடுத்தால் தேறியவர் கணக்கு. கோட்டுக்கு மேல் 150 புள்ளி எடுத்தவரும் ஒரு புள்ளி எடுத்தவரும் அங்கே சமம். இதற்கு மாநிலத்தின் டேஷ்போர்டு, அதாவது ஒவ்வொரு பள்ளியின் நிலையையும் நிறங்களால் காட்டும் இணையப் பக்கம், கையாளும் முறை மேலானது: ஒவ்வொரு பிள்ளையும் கோட்டிலிருந்து எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறது என்று கண்டு, அந்தத் தொலைவின் சராசரியைக் காட்டுகிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்ற ஐந்து நிறங்களும் அந்த ஆண்டு நிலையையும் முந்தைய ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தையும் சேர்த்தே இடப்படுகின்றன.

சிறிய எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். நான் பார்த்த ஒரு பிரிவில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர்தான். ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து தேர்வெழுதினால் அந்தப் பிரிவின் விழுக்காடு எட்டுப் புள்ளிக்கு மேல் சரிந்துவிடும். பதினொருவருக்குக் குறைவான பிரிவின் முடிவை மாநிலம் வெளியிடுவதே இல்லை. பன்னிரண்டு பேர் பிரிவின் முடிவை அதே எச்சரிக்கையோடு நாம்தான் படிக்க வேண்டும்.

ஜனவரி 20

திருத்தம். வேறொரு கேள்விக்கு விடையளிக்கையில், மூன்றாம் வகுப்பு வரை எந்த வகுப்பிலும் 24 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். அது தவறு. 24 என்பது ஒவ்வொரு வகுப்புக்குமான உச்சவரம்பு அல்ல; அந்தப் பள்ளியின் கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான சராசரி. ஆசிரியர் சங்கத்தோடு வேறு எண்ணுக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட மாவட்டங்களுக்கு அந்தச் சராசரியும் பொருந்தாது. ஆகவே "இப்போது இரண்டாம் வகுப்பில் எத்தனை பேர்?" என்று பள்ளி அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள், எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சுட்டிக்காட்டிய ஆசிரியைக்கு நன்றி.

பிப்ரவரி 2

ஒவ்வொரு அரசுப் பள்ளியும் ஆண்டுதோறும் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் தன் பொறுப்புடைமை அறிக்கையை வெளியிட வேண்டும். 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 98ஆம் முன்மொழிவிலிருந்து வரும் கடமை இது. ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு முழுத் தகுதிச் சான்று இருக்கிறது, கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, பாடநூல் எல்லோருக்கும் போதுமா என்பன அதில் இருக்கும். இரண்டு பள்ளியின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள். அரை மணி நேரம் போதும்.

அதன் பிறகு நேரில் போங்கள். நான் சாலைப் பள்ளிக்குள் முதன்முதலாக நுழைந்தது 2021 அக்டோபரில், மனத்தில் கோபத்தோடுதான். வகுப்பின் மூலையில் ஆசிரியை சிறிய மேசையில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தார். அவன் விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தான். "தி ஹவுஸ் ரேன்" என்றான். ஆசிரியை திருத்தவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நொடி, ஆறு நொடி இருக்கும். பையன் விரலைப் பின்னுக்கு இழுத்தான். வீடு ஓடுமா என்ற ஐயம் அவன் புருவத்தில் தெரிந்தது. பிறகு "ஹார்ஸ்!" என்று கத்தினான். அந்த ஆறு நொடி பொறுமைதான் கற்பித்தல். என் அம்மா முப்பது ஆண்டு ஆசிரியையாக இருந்தவர்; அவர் வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது.

அதே மாதம் மேட்டுப் பள்ளியின் நடைச்சுவரில் பார்த்ததையும் சொல்கிறேன். ஒரே வார்ப்பில் வெட்டி ஒட்டிய பென்குயின்கள் வரிசையாக இருந்தன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. சாலைப் பள்ளியின் சுவரில் பிள்ளைகள் எழுதியவை அடித்தல் திருத்தலோடு அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியை பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார். பள்ளியைச் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்லும்போது முதல்வர் பேசுவதைக் கேட்கும் நேரத்தில் சுவரையும் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பிப்ரவரி 8

தமிழ்ப் பெற்றோருக்கு மட்டுமான ஒரு குறிப்பு. பதியும்போது வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதில் நான்கு கேள்விகள்: பிள்ளை பேசத் தொடங்கியபோது கற்ற முதல் மொழி எது, வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது, பெற்றோர் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி எது. முதல் மூன்றில் ஒன்றுக்குத் தமிழ் என்று எழுதினாலும் முப்பது நாளுக்குள் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். "எல்லாவற்றிலும் ஆங்கிலம் என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் பிள்ளையைத் தனியே பிரித்துவிடுவார்கள்" என்ற அறிவுரை நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் தவறாமல் கிடைக்கும். 2018இல் அதை நம்பி நான் மகளுக்கு ஆங்கிலம் என்று எழுதினேன். படிவத்தை நிரப்பும்போது மாமியார் பக்கத்தில் இருந்தார். அவளோடு நாள் முழுவதும் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் அவர். "இங்கிலீஷ் என்றா எழுதுகிறாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் உறுத்துகிறது.

மகனுக்கு உண்மையை எழுதினேன். சோதித்தார்கள், தொடக்கத்திலேயே ஆங்கிலம் போதுமானதாக இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது, அத்தோடு முடிந்தது. போதாமல் இருந்திருந்தால் அவனுக்கு உதவி கிடைத்திருக்கும். அந்த உதவி சலுகையாக வந்ததல்ல. 1974இல் சான்பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே வந்த உரிமை. ஆங்கிலம் கற்போர் அதிகம் உள்ள பள்ளிக்கு மதிப்பெண் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், பிள்ளைகள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மொழியிலேயே அவர்களைச் சோதிப்பது. அதைப் பள்ளியின் குறையாகப் படிக்காதீர்கள்.

பிப்ரவரி 9

டேஷ்போர்டில் பள்ளியின் வருகைப்பதிவு நிறம் ஆரஞ்சாக இருக்கிறதே என்று கேட்டவருக்கு: சேர்ந்திருந்த நாள்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள் வராத பிள்ளை நீடித்து வராதவர் கணக்கில் சேர்கிறார். டிசம்பர் விடுமுறையோடு சேர்த்துப் பொங்கல் வரை ஊரில் இருந்துவிட்டு வந்தால் பத்துப் பள்ளி நாள் போய்விடும். மேலே எட்டு நாள் காய்ச்சல் வந்தால் நம் பிள்ளையும் அந்தக் கணக்கில்தான். சராசரி தினசரி வருகையை வைத்தே மாநிலம் மாவட்டங்களுக்குப் பணம் தருவதால் பள்ளிக்கும் இழப்பு. பயணத்துக்கு முன்பே பள்ளியில் சொல்லி, வீட்டிலிருந்து படிப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியுமா என்று கேளுங்கள்.

பிப்ரவரி 23

பணம். இதைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மேட்டுப் பள்ளியில் பெற்றோர் சங்கம் ஆண்டுதோறும் பெருந்தொகை திரட்டியது. ஓவிய ஆசிரியர், வகுப்பு உதவியாளர், தோட்டம் எல்லாம் அந்தப் பணத்தில். சாலைப் பள்ளியின் பெற்றோர் சங்கம் வீட்டில் செய்த பலகாரங்களை விற்றுத் திரட்டுவது ஒரு சுற்றுலாப் பேருந்துக்கு வரும். ஆனால் சாலைப் பள்ளிக்கு, 1965ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தின் டைட்டில் ஒன் நிதி, அதாவது வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான நிதி, கிடைத்தது. அந்தப் பணத்தில் வாசிப்புப் பயிற்சிக்கென்றே தனி ஆசிரியை இருந்தார். என் மகன் முதல் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கியிருந்தான். நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவில் நாள்தோறும் அரை மணி நேரம் அவரிடம் போனான். மேட்டுப் பள்ளியில் அந்தப் பதவியே கிடையாது. அங்கே பின்தங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் வெளியே பயிற்சி வைத்துக்கொள்வார்கள். அந்த வெளிப்பயிற்சியின் பலனும் பள்ளியின் 9-க்குள் சேர்ந்துவிடுகிறது.

பெற்றோர் நன்கொடையால் உண்டாகும் ஏற்றத்தாழ்வைச் சில மாவட்டங்கள் நேரடியாகவே எதிர்கொண்டிருக்கின்றன. சான்டா மோனிகா–மாலிபு மாவட்டத்தின் வாரியம் 2011இல், ஊழியர்களுக்கான நன்கொடையைப் பள்ளிவாரியாக அல்லாமல் மாவட்டப் பொதுநிதியாகத் திரட்டிப் பகிர முடிவெடுத்தது. வசதி மிகுந்த மாலிபுப் பகுதியின் பெற்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மேட்டுப் பள்ளியின் நிதி மேசையில் உட்கார்ந்து காசோலை வாங்கியவள் நான். நம் பிள்ளையின் பள்ளிக்கு என்றுதான் ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். 2022இல் நிறைவேறிய 28ஆம் முன்மொழிவுக்குப் பிறகு ஓவியம், இசைக்கான மாநிலப் பணம் எல்லாப் பள்ளிக்கும் வருகிறது. வசதி குறைந்த பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்கு ஒரு பங்கு கூடுதல். சாலைப் பள்ளியில் இப்போது இசை ஆசிரியர் வாரம் இரண்டு நாள் வருகிறார். 2018இன் நினைவை வைத்துக்கொண்டு இன்றைய பள்ளியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

மார்ச் 8

மேலே எழுதியவற்றை முழுவதும் திரும்பப் படித்தேன். சாலைப் பள்ளியின் வழக்கறிஞரைப் போல எழுதியிருக்கிறேன். அது நேர்மையாகாது.

மகனின் நான்கு ஆண்டுகளில் அங்கே மூன்று முதல்வர்கள் மாறினார்கள். இரண்டாம் வகுப்பில் அவனுடைய ஆசிரியை நவம்பரில் பேறுகால விடுப்பில் போனபின் ஆண்டு முடிவதற்குள் மூன்று மாற்று ஆசிரியர்கள் வந்தார்கள். பெருக்கல் வாய்பாடு தொடங்க வேண்டிய மாதங்களில் ஒவ்வொருவரும் கழித்தலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு முழுக்க நானும் கணவரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் அவனோடு உட்கார்ந்தோம். எங்களால் முடிந்தது. இரண்டு வேலைக்குப் போகும் அவன் நண்பனின் தாயால் முடியவில்லை. ஒரே மாவட்டம், ஒரே சம்பள அட்டவணை என்று ஜனவரியில் பெருமையாக எழுதினேன். அதே அட்டவணைதான் அனுபவமுள்ள ஆசிரியர் பணிமூப்பை வைத்து மேட்டுப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொள்வதற்கும் வழி விடுகிறது. சம்பளம் குறையாது, வேலை எளிதாகும் என்றால் அவரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிவாரியாக ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை வெளியிட வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த எண்ணில் ஆசிரியர்களின் அனுபவமும் மறைந்திருக்கிறது.

மேட்டுப் பள்ளியில் மகளுக்குக் கிடைத்ததும் உண்மையானது. கணிதத்தில் அவளைவிட விரைவானவர்கள் பத்துப் பேர் வகுப்பில் இருந்தார்கள். அது அவளை உந்தியது. மகனின் வகுப்பில் அப்படி இருவர்தான். பென்குயின் சுவரைப் பற்றி எழுதியதையும் ஓரளவு திரும்பப் பெறுகிறேன்: அது ஒரு நாள் பார்த்த ஒரு சுவர்; அதே பள்ளியில் மகளுடைய நான்காம் வகுப்பு ஆசிரியரைப் போல எழுதக் கற்றுக்கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே நேரில் போகும்போது கேட்கச் சொல்லும் கேள்விகளில் முதல் இடத்தை மாற்றுகிறேன். சுவர் இரண்டாவது. இந்த முதல்வர் இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார், சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வெளியேறினார்கள் என்பதே முதல் கேள்வி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தனி வகுப்புகள் எந்தப் பள்ளியில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். மாவட்டம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வரும் அந்த வகுப்புகளைத் தாங்கும் பள்ளியின் சராசரி சற்றுக் குறைவாகத் தெரியலாம். அந்தப் பணியை ஏற்ற பள்ளியை அதற்காகத் தாழ்த்தக் கூடாது.

மார்ச் 15

"பள்ளிகளை ஒப்பிடுவதே தவறு என்கிறீர்களா?" என்று கேட்கப்பட்டது. இல்லவே இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தொடக்கப்பள்ளிகளை ஒப்பிட்ட பெற்றோரால்தான் இந்த மாநிலம் மாறியது. ஆரஞ்சு கவுண்டியின் வெஸ்ட்மின்ஸ்டரில் மெண்டெஸ் குடும்பத்துப் பிள்ளைகளை வெள்ளையர் பிள்ளைகள் படித்த பதினேழாம் தெருப் பள்ளியில் சேர்க்க மறுத்து, மெக்சிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஹூவர் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். உடன் சென்ற அத்தையின் பிள்ளைகளுக்கு நிறம் வெளுப்பு, குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயரைப் போல இருந்தது; அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஹூவர் பள்ளியின் திடலை ஒட்டி மாட்டு மேய்ச்சல் நிலமும் மின்வேலியும் இருந்ததை மகள் சில்வியா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1945இல் வழக்குத் தொடுத்தார்கள், 1946இல் வென்றார்கள், 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா தன் சட்டப் புத்தகத்திலிருந்து பள்ளிப் பிரிவினை விதிகளை நீக்கியபோது கையெழுத்திட்ட ஆளுநர் ஏர்ல் வாரன். 1954இல், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பை எழுதிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவரே.

பெர்க்லி மாவட்டம் 1968இல் குன்றுப் பகுதிப் பிள்ளைகளையும் சமவெளிப் பிள்ளைகளையும் இரு திசையிலும் பேருந்தில் அனுப்பிப் பள்ளிகளைக் கலந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பேருந்தில் தௌசண்ட் ஓக்ஸ் தொடக்கப்பள்ளிக்குப் போனவர்களில் சென்னைப் பெண்ணான சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிசும் ஒருவர். இன்றும் அங்கே வீட்டு முகவரி மட்டும் பள்ளியைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே 700 டாலர் கூடுதல் வாடகை என்பது இயற்கை விதி அல்ல. எல்லைக் கோட்டை ஒரு வாரியம் வரைந்ததன் விளைவு.

மே 4

சுருக்கமாக: கிண்டர்கார்டனுக்கு முந்தைய டி.கே. வகுப்பு 2025–26 முதல் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் நான்கு வயது நிறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதும் அந்த ஆண்டிலிருந்தே விதி. எல்லாப் பள்ளிகளிலும் அந்த வகுப்பு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மாவட்டம் சில பள்ளிகளில் மட்டும் வைக்கலாம். டி.கே.யில் சேர்ந்த பள்ளியிலேயே கிண்டர்கார்டன் இடம் உறுதியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்த ஒரு பக்கக் கடிதத்தை மறந்துவிடாதீர்கள்.

ஜூன் 14

முதல் கேள்வியைக் கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டு பள்ளிக்கும் நேரில் போனார்களாம். 5 பெற்ற பள்ளியின் முதல்வர் அங்கே ஏழு ஆண்டாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஒருவரைத் தவிர எந்த ஆசிரியரும் போகவில்லை. இருந்த வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள். 9 பெற்ற பள்ளியின் முதல்வர் புதியவராகவும் மற்றதன் முதல்வர் நிலையானவராகவும் அமைந்தது அவர்கள் ஊரின் நிலைமை. எங்கள் ஊரில் அது நேர்மாறாக இருந்தது. என் முடிவை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 30

மகனின் முதல் மாநிலத் தேர்வு முடிவு வந்தது. ஆங்கிலத்தில் கோடு 2432. அவன் எடுத்தது 2470. முதல் வகுப்பில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளை என்பதால், வாசிப்பு ஆசிரியைக்கு அன்றே நன்றி எழுதினேன். கணிதத்தில் 2431. கோட்டுக்கு ஐந்து புள்ளி கீழே. அந்த மாற்று ஆசிரியர்களின் ஆண்டு நினைவுக்கு வந்தது. சமையலறை மேசையும் நினைவுக்கு வந்தது. முடிவுத்தாளை அவன் என்னிடமிருந்து வாங்கி, கோட்டின் மேல் விரலை வைத்து, "இவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டான்.

அடுத்த சில மாதங்களில் புதிய டேஷ்போர்டு வெளிவரும். சாலைப் பள்ளியின் கணித விழுக்காட்டில் அவன் தேறாதவன். கோட்டிலிருந்து உள்ள தொலைவைக் கணக்கிடும் சராசரியில் அவன் கழித்தல் ஐந்து. இந்தப் பக்கத்துக்கு இனி வரும் பெற்றோர் அந்தப் பள்ளியின் எண்ணைப் பார்க்கும்போது அதற்குள் அவனும் இருப்பான்.